குண்டு போகும் தூரம்

டென்வரின் ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ நாளிதழ் 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை அச்சடித்துவிட்டுக் கதவைச் சாத்தியபோது, 1859இல் பிறந்த பத்திரிகை நூற்றைம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் போய்விட்டதே என்று ஊரே வருந்தியது. நானும் வருந்தினேன். ஆனால் என்னையும் என்னைப் போன்ற சிலரையும் வாட்டிய கவலை வெளியில் சொல்லிக்கொள்ளும்படியானதல்ல: இனி எதன்மேல் சுட்டுக் குண்டைச் சோதிப்பது?

விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் எதிரி என்று நினைத்துவிடுவீர்கள். கொலராடோவில் அக்டோபர் என்றால் எல்க் வேட்டை. எல்க் நம் கடமானின் பெரிய அண்ணன். வளர்ந்த கிடா முந்நூறு கிலோ தேறும். அதன் தோளெலும்பைத் தாண்டி நெஞ்சுக்குள் போய் விரிய வேண்டிய குண்டு உண்மையில் விரிகிறதா, இல்லை உடைந்து சிதறுகிறதா, இல்லை ஊசிபோல் மறுபுறம் போய்விடுகிறதா என்பதை மலையேறும் முன்பே தெரிந்துகொள்வதுதான் யோக்கியமான வேட்டைக்காரனின் வேலை. அதற்கு அன்று எங்களிடம் இருந்த ஆய்வுக்கூடம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. முதல் நாள் இரவே பழைய இதழ்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கனத்துப்போன அந்தக் கட்டுகளை அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்கி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சுடுகளத்தில் வைத்துச் சுடுவோம். காய்ந்த காகிதம் உதவாது. ஈரக் காகிதம் சதையைவிடக் கடினம்தான் என்றாலும், ஒரு குண்டையும் இன்னொரு குண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

பிறகு வருவதுதான் சுகம். பெட்டியைப் பிரித்து, தலையங்கம், விளையாட்டு, வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு என்று பக்கம் பக்கமாகப் பிய்த்துக்கொண்டே போனால், எங்கோ ஓர் இடத்தில் முனை காளானாக விரிந்து, அடிப்பாகம் அப்படியே இருக்க, குண்டு உட்கார்ந்திருக்கும். எத்தனை அங்குலம் போயிற்று, எவ்வளவு அகலம் விரிந்தது, எடையில் எத்தனை மிஞ்சியது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பேன். அழகாக விரிந்த குண்டுக்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டிருக்கிறேன். அந்த நோட்டைச் சமீபத்தில் எடுத்துப் பார்த்தபோது, இவ்வளவு அக்கறையாக என் ஆய்வேட்டை எழுதியிருந்தால் பட்டம் ஒரு வருஷம் முன்பே கிடைத்திருக்குமே என்று தோன்றியது.

மதுரைப் பக்கத்துப் பையன் இதில் எப்படி மாட்டினான் என்று கேட்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் போர்ட் காலின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவன் நான். வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், பழைய ராணுவக்காரர், கார் நிறுத்த வேண்டிய கொட்டகையில் காரை நிறுத்தாமல் தோட்டா நிரப்பிக்கொண்டிருப்பார். பித்தளைக் கூடு, கேப்பு, மருந்து, குண்டு என நான்கையும் தனித்தனியாக வாங்கி, மருந்தைத் தராசில் நிறுத்து, கைப்பிடியை அழுத்தி ஒவ்வொரு தோட்டாவாகச் செய்து முடிக்கும் அந்த நிதானத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் நகைப்பட்டறை நினைவுதான் வந்தது. இத்தனைக்கும் அவர் நிறுத்த 180 கிரெய்ன் குண்டு ஒன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. பட்டம் வாங்குவதற்கு முன்பே என்னை ‘டாக்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் வழக்கப்படி ஓயாமல் ‘சார்’ போட்டுக்கொண்டிருக்க, ஒரு நாள் தாங்க முடியாமல், “டாக், பட்டாளத்தை விட்டு வந்தபோதே இந்த ‘சாரை’யும் விட்டுவிட்டு வந்தேன். திரும்பக் கொண்டுவந்து கொடுக்காதே” என்றார்.

அந்தக் கொட்டகையில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று ஜாக் ஓகானர் கட்சி. ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் பல்லாண்டு துப்பாக்கிப் பகுதியைக் கவனித்த ஓகானருக்கு, 1925இல் வந்த .270 வின்செஸ்டரில் 130 கிரெய்ன் குண்டு இருந்தால் போதும்: இலேசாக, வேகமாக, சரியான இடத்தில். இன்னொன்று எல்மர் கீத் கட்சி. ஐடஹோவின் மாட்டுப்பண்ணைக்காரரான கீத்துக்குக் குண்டு என்றால் கனம், விட்டம், மேலும் கனம்; .270 என்று சொன்னாலே அவருக்குப் பிடிக்காது. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று சண்டை போட்டு வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு வசதியான உலகம் என்று நினைத்துப் பாருங்கள். ஓர் எல்க்கைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் கீத் கட்சியில் சேர்ந்து, ஓகானர் ரசிகர்களோடு வாதாடத் தொடங்கிவிட்டேன். கையில் இருந்ததோ 1906இல் பிறந்த .30-06, இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பது.

குண்டைத் தேர்ந்தெடுப்பதில் அன்று குழப்பம் குறைவு. அதற்குக் காரணம் தெளிவல்ல, கடையில் இருந்தது அவ்வளவுதான். செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டு. அதற்கு மேல் காசு இருந்தால் நோஸ்லர் பார்ட்டிஷன். இதன் கதையைப் பெரியவர் புராணம் போலச் சொல்வார். 1946இல் ஜான் நோஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட, வேகமான .300 மேக்னத்தின் குண்டுகள் தோலுக்கு அடியிலேயே சிதறிப்போயினவாம். வீட்டுக்கு வந்தவர், நடுவில் ஒரு செம்புச் சுவரை வைத்து, முன்னறையில் ஓர் ஈயம், பின்னறையில் ஓர் ஈயம் என்று குண்டை இரண்டாகத் தடுத்தார். முன்பாதி விரியும், சிதறவும் செய்யும். சுவருக்குப் பின்னால் இருப்பது குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. ஈரக் காகிதத்தில் சுட்டால் தலை சிதைந்து, அவலட்சணமாகத்தான் கிடைக்கும். என் நோட்டில் அதற்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அதைக் கொண்டு விழுந்த எல்க்குகளோ என் நோட்டைப் படித்ததாகத் தெரியவில்லை.

காகிதம் கிடைப்பதிலும் ஒரு அரசியல் இருந்தது. கல்யாணமாகி மனைவி வந்து சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து மாமனார் கப்பல் தபாலில் மாதக் கணக்கில் தாமதமாக அனுப்பும் தமிழ் வார இதழ்க் கட்டுகளும் வீட்டில் சேர ஆரம்பித்தன. பத்திரிகை போதாத ஒரு சனிக்கிழமை அந்த மூலையை நான் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. “என்னங்க, அதுல இன்னும் தொடர்கதை பாக்கி இருக்கு. வேணும்னா டெலிபோன் டைரக்டரியைச் சுடுங்க” என்றாள். டைரக்டரி சிறந்த யோசனை. வருஷா வருஷம் வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போவார்கள், ஊரே தடியாக அதில் இருக்கும். இன்று டைரக்டரியும் இல்லை, கப்பல் தபாலும் இல்லை, தொடர்கதைக்காகக் காத்திருக்கும் பொறுமையும் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படிக் கயிறு கட்டின கட்டு ஒன்று இருந்திருக்கும். நீங்கள் அதன்மேல் சுட்டிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தூரம் என்பது அன்று அபிப்பிராயம். எதிர்ச் சரிவில் நிற்கும் மிருகம் நானூறு கஜம் என்று நான் அடித்துச் சொல்வேன். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் நடந்து அளந்து காட்டுவார், இருநூற்று அறுபதுக்கு மேல் போகாது. அந்தத் தப்புக்கு என்ன விலை என்பதும் எங்களுக்குத் தெரியும். 200 கஜத்தில் குறியைச் சரிசெய்த .30-06இன் 180 கிரெய்ன் குண்டு, 300 கஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் தாழும். 500 கஜத்தில் ஏறக்குறைய நான்கடி தாழும். மணிக்குப் பத்து மைல் குறுக்குக்காற்று அடித்தால் அதே 500 கஜத்தில் ஒன்றரை அடிக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கல்லூரியில் கிளார்க் டேபிள் புரட்டிய கைக்கு இதெல்லாம் இன்பமான வேலை. இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டு, பொடி எழுத்தில் ஒரு துண்டு நாடாவில் எழுதி, ரைபிளின் கட்டையில் ஒட்டிவைத்தேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை முழுக்கப் படித்துப் பார்த்து, “நல்ல கையெழுத்து டாக்” என்றார். பிறகு ஒரு காகிதத் தட்டை எடுத்து மரத்தில் குத்தினார். எந்தத் தூரத்தில் தொடர்ந்து இந்தத் தட்டுக்குள் உன் குண்டு விழுகிறதோ அதுவரைதான் உனக்கு வேட்டை, மிச்சமெல்லாம் நாடாவுக்கு என்பது அவர் கட்சி. பெஞ்சில் மணல்மூட்டையின் மேல் வைத்துச் சுட்டால் எண்ண மாட்டார். மேடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்து சுட வேண்டும்.

ஆகவே கிட்டத்தில் போனோம். வேறு வழி இல்லாததால் கிட்டத்தில் போனோம் என்பதே உண்மை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, சுற்றி வளைத்து, ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் கொட்டிய தரையில் முழங்கையால் ஊர்ந்து, மந்தையைப் பார்க்கும் முன்பே அதன் வாடை மூக்குக்கு வர, எங்கோ ஒரு கன்று கீச்சென்று கூப்பிட, அந்த இடத்தில் அசையாமல் கிடந்தபோது கழுத்தில் ஊர்ந்த எறும்பைக்கூடத் தட்டிவிடாமல் பொறுத்துக்கொண்ட இளைஞனை இன்று நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்போது சாப்பாட்டு மேசையில் ஓர் ஈ உட்கார்ந்தாலே எழுந்துவிடுகிறேன்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப், சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு எண்பதுகளில்தான் இறங்கியது. குழலுக்கு முன்னால் சில அடியில் ஒரு சின்னப் பெட்டி, மேலே கம்பிகள். குண்டு அந்தக் கம்பிகளுக்கு நடுவே பறந்துபோக வேண்டும். மேகம் வந்தால் வேலை செய்யாது, வெயில் சாய்ந்தால் வேலை செய்யாது. ஸ்கோப் குழலுக்கு மேலே இருப்பதால், கண்ணுக்கு வழி தெளிவாகத் தெரியும்போதும் குழலுக்கு நேரே பெட்டி இருக்கும். சுடுகளத்துக்கு வந்தவர்களில் தன் குரோனோகிராஃபையே சுட்டு வீழ்த்தாதவர் அரிது. 2023இல் கார்மின் கொண்டுவந்த உள்ளங்கையளவு ரேடார்ப் பெட்டி ரைபிளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அத்தனையையும் அளந்து போனுக்கு அனுப்பிவிடுகிறது. அதைச் சுட வழியே இல்லை.

இடைப்பட்ட காலத்தில் குண்டு என்னவெல்லாமோ ஆயிற்று. 1984இல் நோஸ்லரின் பிளாஸ்டிக் முனைக் குண்டு வந்தது. 1989இல் பார்ன்ஸ் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டை விற்க ஆரம்பித்தது. பெரியவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இது குண்டா, குழாய் வேலைக்காரன் விட்டுப்போன சாமானா என்று கேட்டார். தொண்ணூறுகளில் லேசர் தூரமானி வந்து, தூரம் அபிப்பிராயமாக இருந்த காலத்தை முடித்துவைத்தது. பிறகு நீண்டு ஒடுங்கி, வால்பக்கம் படகுபோல் சரிந்த குண்டுகள். காற்றைக் கிழிக்கும் திறனைக் கணக்கிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தட்டையடிக் குண்டை அளவுகோலாக வைத்த ஜி1 போதாது, இந்த வடிவத்துக்கு ஜி7 வேண்டும் என்று பிரையன் லிட்ஸ் போன்ற குண்டுக் கணக்கு நிபுணர்கள் எழுத, நாங்கள் வயதான காலத்தில் மறுபடி பாடம் படித்தோம். 2015இல் ஹார்னடி நிறுவனம், டாப்ளர் ரேடாரில் பார்த்தபோது பறக்கும் வழியிலேயே பிளாஸ்டிக் முனைகள் சூட்டில் உருகுவது தெரிந்தது என்று சொல்லி, உருகாத முனையோடு புதுக் குண்டை விற்றது. இத்தனை வருஷமாக உருகிய முனையோடுதான் எல்லாம் விழுந்தன என்பதை அந்த விளம்பரம் பெரிதுபடுத்தவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தூரம் கூடக்கூடக் குண்டின் வேலை இரட்டிப்பாகக் குழம்பியது. குண்டு விரிய வேகம் வேண்டும்; விநாடிக்கு 1,800 அடிக்குக் கீழே இறங்கினால் பல குண்டுகள் விரியும் என்று நம்புவதற்கில்லை. 600, 700 கஜத்தில் களைத்துப்போய் வந்து சேரும்போதும் விரிய வேண்டுமென்று இளக்கமாகச் செய்தால், அதே குண்டு அறுபது கஜத்தில் திடீரென்று எழுந்து நிற்கும் எல்க்கின் தோளில் முழு வேகத்தில் பட்டுச் சிதறும். கிட்டத்துக்கென்று கெட்டியாகச் செய்தால், தூரத்தில் பென்சில் அளவு ஓட்டை போட்டுவிட்டுப் போகும், மிருகம் மைல்கணக்கில் ஓடும். ஆகவே இன்றைக்கும் யோசிக்கிற ஆட்கள் மருந்தைக் குறைத்து நிரப்பி, 600 கஜத்தில் இருக்கும் வேகத்தைப் பக்கத்திலேயே வரவழைத்து, இரண்டு வேகத்திலும் சுட்டுப் பார்க்கிறார்கள். சுழற்சி மட்டும் அசல்போல் இருக்காது. மற்றபடி நல்ல சோதனை. ஈரப் பத்திரிகை போய், கண்ணாடி போன்ற செயற்கை ஜெல் வந்துவிட்டது. குண்டு உள்ளே போவதை மெதுவாக ஓடும் படத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மிக அழகு. ஆனால் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

ஒரு கண்ணாடிப் புட்டியில் நான் எடுத்துவைத்த பழைய குண்டுகள் இருக்கின்றன; எல்க்கின் மறுபக்கத் தோலுக்கடியில் கிடைத்தவை. வருகிறவர்களுக்குக் காட்டிப் பெருமை பேசுவேன். என் மருமகன்தான் ஒருநாள் கேட்டார்: “மாமா, மறுபக்கம் துளைச்சுட்டு வெளியே போன குண்டுதானே நல்லா வேலை செஞ்சிருக்கும்? அதெல்லாம் இந்தப் புட்டியில இல்லையே?” கணினிக்காரர்களுக்குப் பெண் கொடுத்தால் இப்படித்தான்.

புலம்பல் மட்டுமே பாடினால் நியாயம் ஆகாது. ஈயக் குண்டு உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். நாங்கள் மலையில் விட்டுவந்த குடலைத் தின்ற கழுகுகள் அந்தப் பொடியையும் தின்றன. ஒரு காலத்தில் காட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் 1987இல் மொத்தமாகப் பிடித்துக் கூண்டில் வளர்க்க வேண்டிவந்த கலிபோர்னியக் காண்டர் கழுகுகளைத் திரும்பப் பறக்கவிட்ட பிறகும், அவற்றைப் பெரிதும் கொன்றது ஈய விஷம்தான். 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அதே ஈயப் பொடி எங்கள் இறைச்சியிலும் இருந்திருக்கும். பேரப் பிள்ளைகள் தட்டில் விழும் கறி என்றானதும், பெரியவர் கேலி செய்த அந்தக் குழாய்ச் சாமானையே நானும் வாங்கினேன். நூறு இருந்த பெட்டியில் இப்போது ஐம்பதுதான், விலையைச் சொன்னால் மனைவி திட்டுவாள், வாங்கினேன்.

இன்னொரு முரணும் உண்டு, நம் ஊர் சம்பந்தப்பட்டது. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் 1890களில் ஆங்கிலேயர் செய்த விரியும் குண்டு கொடூரமானது என்று 1899இல் ஹேக் மாநாடு அந்த வகையையே போரில் தடைசெய்தது. வேட்டையிலோ கதை தலைகீழ்: விரியாத குண்டு மிருகத்தைச் சித்திரவதை செய்யும் என்று, விரியும் குண்டைத்தான் சட்டம் கட்டாயமாக்குகிறது. எல்லையில் மனிதனைச் சுடக் கூடாத குண்டால்தான் மலையில் மானைச் சுட வேண்டும். டம்டம்மில் விமானம் ஏறும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

போன பருவத்தில் மருமகனோடு போனேன். அவர் தூரமானியால் பார்த்தார். அது சரிவு, காற்றழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் போனில் பேசி முடித்தது. “மாமா, அறுநூத்தி நாப்பது. ஸ்கோப்பை நாலு மில் திருப்பினாப் போதும்.” ஊரவில்லை, எறும்பு இல்லை, வாடை இல்லை. நான், “மாப்பிள்ளை, குண்டு அங்கே போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதற்குள் அது ஒரு எட்டு எடுத்துவைத்தால்?” என்றேன். அதற்குப் போனில் பதில் இருக்கிறதா என்று பார்த்தார் என்றே நினைக்கிறேன். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப்பும், எவ்வளவு தூரம் சுட முடியும் என்று மிருகத்தின்மேல் சோதித்துப் பார்ப்பது நேர்மையான வேட்டை ஆகாது என்றுதான் சொல்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மருமகன் ரைபிளைத் தோளில் மாட்டினார்; இருவரும் ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். என் முழங்கால் அவரைத் தாமதப்படுத்தியது. மந்தை போய்விட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் திரும்பும் வழியெல்லாம் பேசவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கொலராடோ வேட்டைக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்க்குக்குக் குண்டு 85 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. விரியும் குண்டாக இருக்க வேண்டும். 100 கஜத்தில் அதற்கு 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். சுடுகிறவர் உடம்பில் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ பிங்கோ தெரிய வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.